இன்றைக்கு என்ன நட்சத்திரம்?

தஞ்சாவூர்ப் பக்கத்து வீடுகளில் காலையில் காலண்டரில் தேதி கிழிக்கும்போதே அன்றைய நட்சத்திரமும் கண்ணில் பட்டுவிடும். ரோகிணி, மகம், சித்திரை என்று ஏதோ ஒன்று. படித்துவிட்டு ராகுகாலம் பார்க்கப் போய்விடுகிறோம். அந்த ஒற்றைச் சொல் உண்மையில் சொல்வது, இன்று வானத்தில் நிலா நிற்கும் இடத்தை. நட்சத்திரங்களுக்கு நடுவே ஒரு சுற்று முடிக்க நிலாவுக்கு 27.3 நாள் ஆகிறது. அந்தப் பாதையை 27 பங்காக்கிப் பங்குக்கு ஒரு நட்சத்திரத்தின் பெயரைச் சூட்டியிருக்கிறார்கள். வானம் பார்க்கப் பழக விரும்புகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்: தொலைநோக்கி வாங்க அவசரம் வேண்டாம். காலண்டரைப் பார்த்துவிட்டு மொட்டைமாடிக்குப் போங்கள்.

தொடங்குவதற்கு ரோகிணி, மகம், சித்திரை, கேட்டை போதும். நான்கும் பளிச்சென்று தெரிபவை, நிலாவின் பாதையை ஒட்டியே இருப்பவை. சில மாதங்களில் நிலா அவற்றை மறைத்துக்கொண்டே கடந்து போகும். ரோகிணி அன்று நிலாவுக்கு அருகே செம்மஞ்சளாக மின்னுவது ரோகிணியேதான், அதாவது அல்டெபரான். மகம் என்பது ரெகுலஸ். சித்திரை, நீலம் கலந்த வெண்மையான ஸ்பைகா. கேட்டை அன்று நிலா, சிவந்த அண்டாரிஸைச் சற்றே தாண்டிக் கிழக்கில் இருக்கும். சுவாதியையும் திருவோணத்தையும் இப்படித் தேடினால் ஏமாந்துபோவீர்கள். அவை நிலாவின் பாதைக்கு வெகுவாக வடக்கே தள்ளியிருக்கின்றன. அடையாளம் கண்டபின் நிலாவின் துணையை விட்டுவிட வேண்டும். நிலா இல்லாத இரவில் அதே நட்சத்திரத்தைத் தனியாகக் கண்டுபிடிப்பதுதான் பயிற்சி.

டெல்டாவில் இதற்குத் தோதான காலம் தையும் மாசியும். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து வானம் வெளிவாங்கியிருக்கும், சம்பா அறுவடை நடந்துகொண்டிருக்கும். மலையே இல்லாத சமவெளி என்பதால் அடிவானம்வரை கண் போகும். ஆனால் அறுத்த வயலில் உளுந்தும் பயறும் முளைத்திருக்கும், இறங்கி மிதிக்காதீர்கள். வரப்பும் வேண்டாம். எலியைத் தேடி நல்லபாம்பும் விரியனும் வரும் இடம் அது. களத்துமேடு நல்லது. கண் இருட்டுக்குப் பழக அரைமணி நேரமாகும், செல்போனை ஒருமுறை பார்த்தால் அவ்வளவும் வீண். டார்ச்சின் முகப்பில் சிவப்புக் கண்ணாடித்தாளை ஒட்டிக்கொள்ளுங்கள்.

மாசித் தொடக்கத்தில் இரவு 9 மணிவாக்கில் தெற்கே திரும்பி நில்லுங்கள். உயரத்தில் சிரியஸ். அதற்குக் கீழே, கையை நீட்டிப் பிடித்த முஷ்டியால் அளந்தால் மூன்றரை முஷ்டி தள்ளி, கனோபஸ். இரவு வானின் மிகப் பிரகாசமான முதல் இரண்டு நட்சத்திரங்கள் இவை. கமண்டலத்தில் காவிரியைக் கொண்டுவந்ததாகக் கதை சொல்கிறோமே, அந்த அகத்தியரின் பெயரைத்தான் கனோபஸுக்கு வைத்திருக்கிறார்கள். தஞ்சையில் அது 26 டிகிரி உயரம்வரை ஏறும். டெல்லியில் 9 டிகிரியைத் தாண்டாது. லண்டனில் உதிப்பதே இல்லை. அதனால்தான் ஐரோப்பியருக்காக எழுதிய வானியல் கையேடுகளை அப்படியே பின்பற்றாதீர்கள் என்கிறேன். அவை துருவ நட்சத்திரத்திலிருந்து தொடங்கும். நமக்கோ அது வடக்கு அடிவானத்துக்கு ஒரு முஷ்டி மேலே, தென்னந்தோப்புக்குள் ஒளிந்துகொள்ளும். நம் சொத்து தெற்கு வானம். சித்திரை, வைகாசி இரவுகளில் அங்கே தெற்குச் சிலுவையையும் பார்க்கலாம்.

வெறுங்கண்ணால் என்ன பெரிதாகத் தெரிந்துவிடும் என்று கேட்பவர்களுக்குத் திருவாதிரையைக் காட்டுவேன். 2019 இறுதியில் அந்தச் செந்நிற நட்சத்திரம் மங்கத் தொடங்கியது. 2020 பிப்ரவரியில் அதன் ஒளி வழக்கத்தில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு இறங்கிவிட்டது. நட்சத்திரம் கக்கிய வாயு குளிர்ந்து தூசாகி, அதன் முகத்தையே மறைத்தது காரணம் என்று பின்னர் ஆய்வாளர்கள் கண்டார்கள். பக்கத்து ரோகிணியோடு ஒப்பிட்டுப் பார்த்த எவருக்கும் அந்த மாற்றம் கருவி இல்லாமலே தெரிந்தது.

அடுத்த படிக்கு 10×50 பைனாகுலர் ஒன்று போதும். திருச்சி அண்ணா அறிவியல் மையக் கோளரங்கத்துக்கு ஒருநாள் பிள்ளைகளை அழைத்துப் போங்கள்.

இதோடு கும்பகோணத்து மகாமகத்தையும் மனத்தில் வையுங்கள். வியாழன் சிம்மத்தில் இருக்க, சூரியன் கும்பத்தில் இருக்க, மாசிப் பௌர்ணமியை ஒட்டி நிலா மகத்துக்கு வரும் நாள் அது. வியாழன் சூரியனைச் சுற்ற 11.86 ஆண்டு ஆவதால்தான் இந்தப் பன்னிரண்டு ஆண்டுக் கணக்கு. கும்பமும் சிம்மமும் வானத்தில் எதிரெதிர்ப் பக்கங்கள். ஆக, சூரியனுக்கும் வியாழனுக்கும் ஏறக்குறைய நடுவில் பூமி. வியாழன் நம்மை மிக நெருங்கி, மிகப் பிரகாசமாக, பொழுது சாய்ந்த கொஞ்ச நேரத்தில் கிழக்கே எழும் பருவம் அது. 2016 பிப்ரவரி 22 அன்று மாலை, முழுநிலா மகத்தோடு சேர்ந்து எழ, ஒரு மணி நேரத்துக்குமேல் கழித்து வியாழன் பின்தொடர்ந்தது. அடுத்த மகாமகம் 2028இல். ஊர் விளக்குகள் எத்தனை எரிந்தாலும் நிலாவும் வியாழனும் மறையாது. பையில் பைனாகுலர் இருந்தால், 1610இல் கலிலியோ கண்ட வியாழனின் துணைக்கோள்களை மகாமகக் குளக்கரையிலிருந்தே பார்த்துவிடலாம்.