பே-ஸ்லிப்புல ஒளிஞ்சிருக்கிற டயாலிசிஸ்

கும்மிடிப்பூண்டி சிப்காட்ல வேலை பார்க்கிற அப்பாவோட பே-ஸ்லிப்பை ஒரு தடவை வாங்கிப் பாருங்க. ஈ.எஸ்.ஐ.னு 0.75% பிடிச்சிருக்கா? கம்பெனி தன் பங்குக்கு 3.25% கட்டணும். வாரம் ரெண்டு மூணு தடவை செய்யற டயாலிசிஸ், சிறுநீரக மாற்று அறுவை சிகிச்சை எல்லாம் இதுல அடங்கும். சிகிச்சைச் செலவுக்கு உச்சவரம்பு கிடையாது. கான்ட்ராக்ட் தொழிலாளிக்கும் இது உண்டு.

சிக்கல் இன்க்ரிமென்ட்ல வருது. சம்பளம் 21,000 ரூபாயைத் தாண்டினா, அந்த ஆறு மாசக் கணக்கு (ஏப்ரல்–செப்டம்பர், அக்டோபர்–மார்ச்) முடிஞ்சதும் பிடித்தம் நின்னுடும். ஸ்வீட் கொடுக்கிற அன்னிக்கு இதை யாரும் சொல்றதில்லை. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டமோ, குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000-க்குள்ள இருந்தாத்தான். 22,000 வாங்குறவர் ரெண்டுக்கும் நடுவுல மாட்டிக்கிறார். அவருக்குக் கம்பெனி குரூப் பாலிசி இருந்தா, டயாலிசிஸுக்கு வரம்பு எவ்வளவு, கிட்னி கொடுக்கிறவர் செலவும் சேருமான்னு எச்.ஆர்.கிட்ட இப்பவே கேட்கச் சொல்லுங்க.