இணைப்பின் நலமறிதல்

நுழையும்முன்

தொடர்வண்டிக்குப் பயணச்சீட்டு எடுப்பதும், வங்கிக் கணக்கிலிருந்து பணம் அனுப்புவதும், தேர்வு முடிவைப் பார்ப்பதும் இன்று கணினி வலையமைப்பின் வழியாகவே நடைபெறுகின்றன. அவ்வலையமைப்பு தடைப்படும்போதுதான் அதன் இன்றியமையாமை பலருக்கும் புலப்படுகிறது. தடை நேரும் முன்பே அதன் அறிகுறிகளைக் கண்டறிய இயலுமா? இயலும் என்பதையும், அதற்குக் கருவியும் கணக்கும் மனித அறிவும் எவ்வாறு துணைநிற்கின்றன என்பதையும் இப்பாடம் விளக்குகிறது.

நானூறு கெஜத்தில் ஒரு நெரிசல்

1986ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் வியப்பூட்டும் நிகழ்வொன்று நேர்ந்தது. லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகமும் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகமும் ஏறத்தாழ 400 கெஜத் தொலைவில் அமைந்தவை. அவற்றுக்கிடையே நொடிக்கு 32,000 பிட் என்ற அளவில் சென்றுகொண்டிருந்த தரவு, திடீரென நொடிக்கு 40 பிட் என்ற அளவுக்குச் சுருங்கியது. வேகம் எண்ணூறில் ஒரு பங்காக வீழ்ந்துவிட்டது.

கம்பி அறுந்ததால் நேர்ந்த வீழ்ச்சியன்று இது. வழியில் இருந்த கருவிகளில் தரவுப் பொதிகள் அளவுக்கு மீறிக் குவிந்தன. இடமில்லாத நிலையில் கருவிகள் அவற்றைக் கைவிட்டன. அனுப்பிய கணினிகளோ, பொதி சேரவில்லை என எண்ணி, அதனையே மீண்டும் மீண்டும் அனுப்பின. நெரிசல் மேலும் பெருகியது. இதனை ஆராய்ந்த வான் ஜேக்கப்சன், அனுப்பும் கணினி தன் வேகத்தைச் சூழலுக்கேற்பக் கூட்டியும் குறைத்தும் கொள்ளும் முறைகளை 1988இல் வெளியிட்டார். இன்றைய இணையம் நெரிசலைச் சமாளிப்பதற்கு அம்முறைகளே அடிப்படை.

இணைப்பு அறுபடாமல் இருக்கும்போதே அது பயனற்றுப்போகக் கூடும் என்பதே இந்நிகழ்வு உணர்த்தும் உண்மை. ஆகவே, இணைப்பு இருக்கிறதா என்று அறிவதோடு நில்லாமல், அது எவ்வாறு இயங்குகிறது என்பதையும் இடைவிடாது அறிய வேண்டியுள்ளது.

வினவுநரும் விடையளிப்பவரும்

கணினி, திசைவி, சுவிட்ச் போன்ற கருவிகள் வலையமைப்போடு பொருந்தும் வாயிலுக்கு வலையமைப்பு இடைமுகம் என்று பெயர். பெரிய நிறுவனம் ஒன்றில் இத்தகைய வாயில்கள் ஆயிரக்கணக்கில் இருக்கும். ஒவ்வொன்றின் அருகிலும் ஆளை நிறுத்திக் கண்காணிக்க முடியாது. இத்தேவையை நிறைவேற்ற 1988இல் எளிய வலையமைப்பு மேலாண்மை நெறிமுறை வகுக்கப்பட்டது. இதனை எஸ்.என்.எம்.பி. என்று சுருக்கமாக வழங்குவர்.

இம்முறையில் ஒவ்வொரு கருவியினுள்ளும் முகவர் என்னும் சிறு மென்பொருள் இயங்கும். அது தன் கருவியின் நிலையைக் குறித்துவைத்திருக்கும். மையக் கணினியில் இயங்கும் மேலாண்மை மென்பொருள், குறித்த கால இடைவெளியில் முகவரிடம் வினா எழுப்பும், முகவர் விடையளிக்கும். எவ்வெவற்றை வினவலாம் என்பது மேலாண்மைத் தகவல் தளம் என்னும் பட்டியலில் வரையறுக்கப்பட்டுள்ளது. பட்டியலின் ஒவ்வோர் உறுப்புக்கும் தனி எண் உண்டு. சான்றாக, இடைமுகத்தின் இயங்குநிலையைக் குறிக்கும் எண் 1.3.6.1.2.1.2.2.1.8 என்பதாகும். கருவியைச் செய்த நிறுவனம் எதுவாயினும் இவ்வெண் மாறுவதில்லை. ஆதலால் பல நிறுவனங்களின் கருவிகளையும் ஒரே மென்பொருளால் கண்காணிக்க முடிகிறது.

வினவும் வரை காத்திராமல் முகவர் தானாகவே செய்தி அனுப்புவதும் உண்டு. இணைப்பு அறுந்தவுடன் அது மையத்துக்கு எச்சரிக்கை விடுக்கும். ஆயினும் அவ்வெச்சரிக்கை வழியிலேயே தொலைந்துபோகலாம். எனவே எச்சரிக்கை வருமென்று மட்டும் நம்பியிராது, முறையாக வினவுவதையும் தொடர்வர். வினாவுக்கு விடை வராவிட்டால், கருவி பழுதுற்றது என்று உடனே முடிவுகட்டுவதும் தவறாகும். கருவி நலமாக இருக்க, இடைவழி மட்டும் தடைப்பட்டிருக்கலாம்.

விருப்பமும் உண்மையும்

ஒவ்வோர் இடைமுகத்துக்கும் இரண்டு நிலைகள் பதிவாகின்றன. அது இயங்க வேண்டும் என்றோ நிறுத்தப்பட வேண்டும் என்றோ மேலாளர் இட்ட ஆணை முதல் நிலை. உண்மையில் அது இயங்குகிறதா என்பது இரண்டாம் நிலை. ஆணையும் உண்மையும் ‘நிறுத்தம்’ என்றிருந்தால் கவலை இல்லை. அது வேண்டுமென்றே மூடிய கதவு. ஆணை ‘இயங்குக’ என்றிருக்க, உண்மை ‘நிறுத்தம்’ என்றிருந்தால் அங்கே பழுது உண்டு.

இரண்டும் ‘இயக்கம்’ என்றே இருப்பினும் நலம் உறுதியாவதில்லை. ஒரு கம்பியின் ஒரு முனை ஒரே நேரத்தில் அனுப்பவும் பெறவும் வல்ல முழு இருவழி முறையிலும், மறுமுனை மாறிமாறி மட்டுமே அனுப்பிப் பெறும் அரை இருவழி முறையிலும் அமைந்துவிடுவதுண்டு. அப்போதும் இணைப்பு விளக்கு ஒளிரும். சிறு செய்திகள் தடையின்றிச் செல்லும். பெரிய கோப்பை அனுப்பும்போதோ பொதிகள் மோதிச் சிதைந்து வேகம் குன்றும். பயன்படுத்துவோர் தம் கணினியையே குறைகூறுவர். பிழைகளின் எண்ணிக்கையைப் பார்ப்பவரே உண்மையான காரணத்தை அறிவார்.

எண்ணிகள் கூறும் செய்தி

இடைமுகத்தின் வழியே சென்ற பைட்டுகள், வந்த பைட்டுகள், சிதைந்த பொதிகள், கைவிடப்பட்ட பொதிகள் ஆகியவற்றை முகவர் எண்ணிக்கொண்டே இருக்கும். இவ்வெண்ணி வீட்டிலுள்ள மின் அளவியைப் போன்றது. அளவியில் தோன்றும் எண்ணை மட்டும் கொண்டு இம்மாதச் செலவை அறிய முடியாது. சென்ற முறை குறித்த எண்ணை அதிலிருந்து கழிக்க வேண்டும்.

நொடிக்கு 100 மெகாபிட் திறனுடைய இடைமுகம் ஒன்றில் 300 நொடி இடைவெளியில் இருமுறை எண்ணியைப் படித்ததாகக் கொள்வோம். இரண்டுக்கும் உள்ள வேறுபாடு 225 கோடி பைட் எனில், அது 1,800 கோடி பிட் ஆகும். அதனை 300ஆல் வகுத்தால் நொடிக்கு 6 கோடி பிட், அதாவது 60 மெகாபிட். ஆகவே திறனில் 60 விழுக்காடு பயன்பட்டுள்ளது.

பொதிகள் சிதைவது மிகுந்தால் பழுதுற்ற கம்பி, தளர்ந்த முனை, மின்காந்த இடையூறு ஆகியவற்றை ஐயுறலாம். பழுதற்ற பொதிகளே கைவிடப்பட்டால் நெரிசலை ஐயுற வேண்டும். முன்னதற்குக் கம்பியை மாற்றுவது தீர்வாகலாம்; பின்னதற்கு அது பயன்தராது.

எண்கள் மயக்கும் இடங்கள்

எண்ணும் ஏமாற்றக்கூடும். பழைய எண்ணிகள் 32 பிட் அளவின. 4,29,49,67,295 வரை எண்ணியபின் மீண்டும் சுழியத்திலிருந்து தொடங்குபவை. முழுத்திறனில் இயங்கும் 100 மெகாபிட் இணைப்பில் இவ்வெண்ணி ஏறத்தாழ 343 நொடியிலும், 1 கிகாபிட் இணைப்பில் ஏறத்தாழ 34 நொடியிலும் ஒரு சுற்றை முடித்துவிடும். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை மட்டுமே படிக்கும் மென்பொருளுக்கு இடையில் எத்தனை சுற்று முடிந்தது என்பது தெரியாது. நெரிசல் மிகுந்த இணைப்பும் ஓய்ந்திருப்பதாகத் தோன்றும். இக்குறையைப் போக்கவே 64 பிட் எண்ணிகள் வந்தன.

சராசரியும் அத்தகையதே. ஐந்து நிமிடத்தில் 30 நொடி மட்டும் முழுத்திறனில் இயங்கி, எஞ்சிய நேரம் ஓய்ந்திருந்த இணைப்பின் சராசரிப் பயன்பாடு 10 விழுக்காடு என்றே வரைபடத்தில் தோன்றும். அந்த அரை நிமிடத்தில் கைவிடப்பட்ட பொதிகளைச் சராசரி காட்டாது. கைவிடப்பட்டவற்றின் எண்ணி காட்டும். எனவே ஓர் எண்ணை மற்றோர் எண்ணோடு ஒப்பிட்டே முடிவுக்கு வருதல் வேண்டும்.

தெரிந்து தெளிவோம்

1994இல் இங்கிலாந்தின் லெஸ்டர் நகரிலுள்ள டி மான்ட்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில், ஆயிரத்துக்கும் மேற்பட்ட கணினிகளுக்கு நொடிக்கு 64 கிலோபிட் வேகமுடைய ஒரே இணைய இணைப்பே இருந்தது. அங்குப் பணியாற்றிய டோபியாஸ் ஓட்டிக்கர், அவ்விணைப்பின் பயன்பாட்டை வரைபடமாக வலைப்பக்கத்தில் காட்டும் மென்பொருளை உருவாக்கினார். எம்.ஆர்.டி.ஜி. என்னும் அம்மென்பொருள் பின்னர் உலகெங்கும் பரவியது.

காவலுக்கும் காவல்

கண்காணிக்கும் வழியே பகைவர்க்கும் வழியாகிவிடக் கூடாது. எஸ்.என்.எம்.பி.யின் தொடக்கப் பதிப்புகளில் கடவுச்சொல் போன்ற சொல் மறைகுறியாக்கம் இன்றியே அனுப்பப்பட்டது. பல கருவிகளில் அச்சொல் ‘பப்ளிக்’ என்றே முன்கூட்டி அமைந்திருந்தது. அதனை மாற்றாமல் விட்ட இடங்களில் எவரும் கருவியின் நிலையை அறிய முடிந்தது. மூன்றாம் பதிப்பு, கேட்பவர் இன்னாரென உறுதிசெய்யும் முறையையும் மறைகுறியாக்கத்தையும் தந்து இக்குறையை நீக்கியது.

எச்சரிக்கைகளை அமைப்பதிலும் அளவறிதல் வேண்டும். சிறு ஏற்றத்துக்கெல்லாம் மணி ஒலித்தால், ‘புலி வருகிறது’ எனப் பொய்யாகக் கூவிய சிறுவனின் கதையாகிவிடும். உண்மையான இடர் நேரும்போது எவரும் திரும்பிப் பார்க்கமாட்டார். வழக்கமான நாளில் இணைப்பு எவ்வாறு இருக்கும் என்பதைப் பல வாரப் பதிவுகளால் அறிந்தவரே வழக்கத்துக்கு மாறானதை உணர்வார். திங்கட்கிழமைக் காலையில் இயல்பாகத் தோன்றும் 60 விழுக்காடு, நள்ளிரவில் தோன்றினால் ஆராய்தற்குரியது.

மென்பொருள் எண்ணித் தருகிறது. அவ்வெண்ணின் பொருளை அறிபவர் மனிதரே. பயன்படுத்துவோர் குறைகூறும் முன்பே குறையை உணர்ந்து களைவதுதான் வலையமைப்பைக் காப்பவரின் கடமை. அக்கடமை செவ்வனே நிறைவேறும் நாளில், அவ்வாறு ஒருவர் பணியாற்றுகிறார் என்பதே எவருக்கும் தெரிவதில்லை.

கற்பவை கற்றபின்

1. ‘இயங்கும் இணைப்பெல்லாம் நலமான இணைப்பு ஆகாது’ – இக்கூற்றைப் பாடப்பகுதியின் சான்றுகளுடன் விளக்கி ஒரு பக்க அளவில் எழுதுக.

2. உங்கள் வீட்டு மின் அளவியை ஏழு நாள்கள் ஒரே நேரத்தில் படித்து, நாள்தோறும் செலவான அலகுகளைக் கணக்கிட்டு வரைபடமாக வரைக. வழக்கத்துக்கு மாறான நாள் எது என்பதையும் அதற்கான காரணத்தையும் குறிப்பிடுக.

3. சராசரி உண்மையை மறைக்கும் வேறு சூழல்களைக் குறித்து வகுப்பறையில் கலந்துரையாடுக.