டயல் செய்தால் எடுக்க ஆள் இருக்குமா?
கம்பி வழிப் பயணம் – 11

போன வாரம் நம் நாட்டுத் தந்தியை 2013 ஜூலையில் வழியனுப்பிவிட்டு வந்தோம். அதற்கு நாள் குறித்து அறிவித்தார்கள். கடைசித் தந்தி கொடுக்க மக்கள் வரிசையில் நின்றார்கள். டயல்-அப் இணையத்துக்கு அப்படி ஒரு பொதுவான கடைசி நாள் கிடையாது. அமெரிக்காவில் அதை விடாமல் வைத்திருந்தவர்களுக்கு நெடுநாளாக ஒரே கவலை: நம்மையும் பிராட்பேண்டுக்கு மாறச் சொல்லிக் கட்டாயப்படுத்துவார்களா?

சட்டம் போட்டு யாரும் மாற்றவில்லை. குடியிருப்பவரைக் காலி செய்யச் சொல்லாமல் தண்ணீர்க் குழாயை மட்டும் மூடும் வீட்டுக்காரர் உண்டல்லவா, அந்த வழியில்தான் நடந்தது.

2025 செப்டம்பர் 30 அன்று ஏஓஎல் தன் டயல்-அப் சேவையை நிறுத்தியது. பழைய கணினிகளுக்காக வைத்திருந்த டயலர் மென்பொருளும் பிரவுசரும் கூடவே போயின. 2002 வாக்கில் அமெரிக்காவில் மட்டும் 2.6 கோடிக்கு மேல் சந்தாதாரர்களை வைத்திருந்த நிறுவனம் அது. 2015-லும் சுமார் 21 லட்சம் பேர் அதற்கு இணையச் சந்தா கட்டிக்கொண்டிருந்தார்கள். நாடு முழுக்க டயல்-அப்பை மட்டுமே நம்பியிருந்த வீடுகள் 2023-ல் ஏறத்தாழ 1,63,000 என்கிறது அமெரிக்க மக்கள்தொகைக் கணக்குத் துறையின் மதிப்பீடு.

இத்தனை காலம் எப்படித் தாக்குப்பிடித்தது? நம்மூரில் 1995 ஆகஸ்ட் 15 அன்று விஎஸ்என்எல் பொதுமக்களுக்கு இணையத்தைத் திறந்தபோது, இணையச் சந்தா ஒரு பக்கம், போன் மீட்டர் மறுபக்கம் என்று இரண்டும் ஓடின. வேறு வழி கிடைத்ததும் தப்பித்து ஓடினோம். அமெரிக்காவில் பெரும்பாலான வீடுகளுக்கு உள்ளூர் அழைப்பு மாத வாடகைக்குள்ளேயே அடக்கம். 1996 டிசம்பரில் ஏஓஎல் மணிக்கணக்கு பார்ப்பதை விட்டு மாதம் 19.95 டாலர் என்று வைத்ததும் கூட்டம் முண்டியடித்தது. எந்நேரம் டயல் செய்தாலும் எங்கேஜ்டு டோன், வழக்குகள்கூடப் பாய்ந்தன.

இன்னொரு காரணம் எனக்கு வேடிக்கையாகவே படுகிறது. ஏஓஎல் 2006-லேயே மின்னஞ்சலை இலவசமாக்கிவிட்டது. ஆனாலும் பழைய முகவரி கைவிட்டுப் போய்விடுமோ என்ற பயத்தில், பிராட்பேண்டு வாங்கிய பிறகும் பலர் சந்தாவை நிறுத்தவில்லை. நிறுவனமும் வருகிற காசை ஏன் வேண்டாம் என்று சொல்லப்போகிறது? மற்றபடி, கேபிளோ ஃபைபரோ எட்டாத கிராமங்களில் இருந்தவர்களுக்கு வேறு வழியே இல்லை.

இதன் தொழில்நுட்பத்திலேயே ஒரு சாபக்கேடு உண்டு. மோடம் தகவலை ஒலியாக்கி, மனிதக் குரலுக்காகப் போட்ட கம்பியில் அனுப்புகிறது. அந்தக் கம்பி வழி கடக்கும் ஒலி சுமார் 300 முதல் 3,400 ஹெர்ட்ஸ் வரைதான். 56கே மோடம் அந்த வேகத்தை நெருங்கவே ஒரு நிபந்தனை உண்டு: எக்ஸ்சேஞ்சுக்கும் வீட்டுக்கும் நடுவில் மட்டும்தான் அனலாக் கம்பி இருக்கலாம், மற்ற தூரமெல்லாம் டிஜிட்டல். அப்படியும் மின்திறன் வரம்பால் அமெரிக்காவில் 53 கிலோபிட்டைத் தாண்டவில்லை. இரண்டு எம்பி எடையுள்ள பக்கம் திறக்க ஐந்து நிமிடம். இன்றைய இணையதளங்களில் இரண்டு எம்பி சர்வ சாதாரணம்.

ஆகவே டயல்-அப்காரர்களை முதலில் வெளியே தள்ளியவை இணையதளங்கள்தான். அடுத்துத் தள்ளுவது போன் நிறுவனங்கள். செப்புக் கம்பியை எடுத்துவிட்டு இணையம் வழியே குரலை அனுப்பும்போது, குரல் பொட்டலம் பொட்டலமாகப் பிரிந்து போகிறது. சில சமயம் சுருக்கவும் படுகிறது. மனிதக் காதுக்கு வித்தியாசம் தெரியாது. மோடத்துக்கு அது குளறுபடி, இணைப்பு அறுந்துவிடும். நெட்ஸீரோ போன்ற இணைய நிறுவனங்கள் டயல்-அப் எண்களைத் திறந்து வைத்திருந்தாலும், வீட்டிலிருந்து டயல் செய்யக் கம்பி வேண்டுமே!

மாறிக்கொள்ளுங்கள் என்பவர்கள் கட்டணத்தைப் பற்றிப் பேசுவதில்லை. ஏழைக் குடும்பங்களின் இணையக் கட்டணத்தில் மாதம் 30 டாலர் வரை அரசு ஏற்ற திட்டத்தில் சுமார் 2.3 கோடி வீடுகள் சேர்ந்திருந்தன. பணம் தீர்ந்து 2024 ஜூன் 1-ல் அது நின்றது. அதே ஆண்டு மார்ச்சில்தான், பதிவிறக்க வேகம் 100 மெகாபிட்டுக்குக் குறைந்தால் பிராட்பேண்டே அல்ல என்று அமெரிக்க மத்திய தகவல்தொடர்பு ஆணையம் கோட்டை உயர்த்தியிருந்தது. இலக்கணம் உயர்ந்தது, உதவி நின்றது.

எதிர்ப்பு வந்த இடம் கலிபோர்னியா. கேட்டவர் எவருக்கும் தரைவழி போன் இணைப்புத் தந்தாக வேண்டும் என்ற பொறுப்பிலிருந்து விடுவிக்கும்படி போன் நிறுவனமான ஏடி அண்டு டி அங்கே மனு போட்டது. காட்டுத்தீயில் மின்சாரமும் செல்போன் கோபுரமும் விழுந்தால், எக்ஸ்சேஞ்சிலிருந்தே மின்சாரம் பெறும் செப்புக் கம்பி போன்தான் எங்களுக்குத் துணை என்று மலைப்பகுதி மக்கள் விசாரணைகளில் வந்து சொன்னார்கள். 2024 ஜூனில் மாநில ஆணையம் மனுவைத் தள்ளியது. மற்ற மாநிலங்களில் பெரும்பாலான செப்புக் கம்பியை 2029 முடிவதற்குள் கழற்றிவிடுவதாக நிறுவனம் சொல்லியிருக்கிறது.

(தொடரும்)