மாட்டுக்கு இரக்கம்; மனிதனுக்கு?

இலண்டனிலே வைர வணிகர் குடும்பத்திலே பிறந்த யூதர், லூயிஸ் காம்பர்ட்ஸ். புலால் மட்டுமா தள்ளினார்? பால், முட்டையும் தள்ளினார். குதிரை வண்டியிலே ஏறமாட்டார், நடைதான்! 1821லே, மிதிவண்டிக்கு முன்னோடியான இருசக்கர வண்டியைக் கைவிசையால் ஓடும்படி திருத்தினார். காரணம் நமக்கு விளங்காமலில்லை!

1824லே மிருகவதைத் தடுப்புச் சங்கம் கண்டோரிலே அவரும் ஒருவர். சங்கக் கடனுக்காகப் பாதிரியார் ஆர்தர் புரூம் சிறை புகுந்தார். செயலாளராகிச் சங்கத்தை நிமிர்த்தியவர் காம்பர்ட்ஸ். கிடைத்த நன்றி? சங்கம் கிறித்தவக் கொள்கைக்கே உரியதாம், தீர்மானமே போட்டார்கள்! குதிரையிடம் கேட்காத மதத்தை, அதற்காகப் பாடுபட்டவரிடம் கேட்டது ஏன் என்கிறோம் நாம்.

காம்பர்ட்ஸ் சோர்ந்தாரில்லை. வெளியேறினார், தனிச் சங்கம் கண்டார், ஏடும் நடத்தினார். விலக்கிய சங்கமோ 1840லே அரசியாரிடம் 'ராயல்' பட்டம் பெற்றது. அவர் 1861லே மறைந்தார்.