கோபுர நிழலும் மனை விலையும்

ஒரு வீட்டின் விலையை நிர்ணயிப்பது எது? செங்கல், சுண்ணாம்பு, மரம், கொத்தனார் கூலி என்று சொல்கிறவர் இன்னும் வீடு வாங்கப் புறப்படாதவராகவே இருக்க வேண்டும். வாங்கப் புறப்பட்டுத் தெருத்தெருவாக அலைந்தவரைக் கேளுங்கள். "வீட்டுக்கு யார் விலை கேட்டார்கள்? கோயிலுக்கும் பஸ் நிலையத்துக்கும் கடைத்தெருவுக்கும் அல்லவா விலை கேட்கிறார்கள்!" என்று பெருமூச்சு விடுவார். உண்மையும் அதுதான். சுவர்களுக்கு உள்ளே இருப்பதைவிட வெளியே இருப்பதுதான் வீட்டுக்கு விலை கொடுக்கிறது.

இந்த உண்மையைக் கண்கூடாகக் காண விரும்புவோர் காஞ்சிபுரத்துக்குப் போனால் போதும். அங்கே கோபுரம், தறி, ஏரி, ரஸ்தா ஆகிய நான்கு பொருள்கள் சேர்ந்து ஜனங்களின் வாழ்வை உருவாக்கியிருக்கின்றன. மனை விலையை ஆட்டிவைப்பவையும் அவையே. அந்த ஆட்டத்தில் லாபம் யாருக்கு, நஷ்டம் யாருக்கு என்பதைச் சற்று ஆராய்வோம்.

தேருக்காக விட்ட வீதி

காஞ்சி நகரம் கோயிலைச் சுற்றி வளர்ந்த நகரம். எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ராஜசிம்ம பல்லவன் எடுப்பித்த கைலாசநாதர் ஆலயம் மேற்கே நிற்கிறது. 1509-ஆம் வருஷத்தில் கிருஷ்ணதேவராயர் கட்டுவித்த ஏகாம்பரநாதர் ராஜகோபுரம் ஏறக்குறைய 190 அடி உயர்ந்து ஊருக்கு அடையாளமாய் விளங்குகிறது. நடுவே காமாட்சியம்மன். கிழக்கே, சின்னக் காஞ்சிபுரத்தில், வரதராஜப் பெருமாள். தேர் ஓட வேண்டும் என்பதற்காக அகலமாக விட்ட ராஜவீதிகளும் மாடவீதிகளும் இன்றும் ஊரின் எலும்புக்கூடாக இருக்கின்றன. 1914–15-இல் சென்னை மாகாணத்து நகரங்களைச் சுற்றிப் பார்த்த ஸ்காட்லாந்து தேசத்து நகரமைப்பு நிபுணர் பாட்ரிக் கெட்டிஸ், இந்த ஊரின் அமைப்பைக் கண்டு வியந்து பாராட்டினார். வீதியை முதலில் நினைத்து வீட்டைப் பிறகு நினைத்த ஊர் என்பதே அதன் பெருமை.

தெய்வம் குடியிருக்கும் வீதியில் குடியிருக்க யாருக்குத்தான் ஆசை இல்லை? ஆனால் ஆசை மிகுந்த இடத்தில் விலையும் மிகும். 2019-ஆம் வருஷம் ஜூலை முதல் தேதியிலிருந்து ஆகஸ்டு 17 வரை, 48 நாட்கள், அத்திவரதர் தரிசனம் நடந்தது. நாற்பது ஆண்டுகளுக்கு ஒரு முறை அனந்தசரஸ் குளத்திலிருந்து எழுந்தருளும் பெருமாளைக் காண நாடெங்கிலுமிருந்து மக்கள் வெள்ளம் திரண்டது. சந்நிதிக்கு அருகே ஒரு திண்ணை இருந்தாலும் அதற்கு என்ன மதிப்பு என்பதை அந்த 48 நாட்கள் எல்லோருக்கும் கற்பித்துவிட்டன. குடியிருக்கும் வீட்டைவிடத் தங்கும் விடுதிக்கு வருமானம் அதிகம் என்று சொந்தக்காரர் கண்டுகொண்டால், வாடகைக்குக் குடியிருப்பவர் கதி என்னவாகும்?

கோயிலுக்கு இன்னொரு முகமும் உண்டு. கைலாசநாதர் ஆலயமும் வைகுண்டப் பெருமாள் ஆலயமும் மத்திய தொல்பொருள் இலாகாவின் பாதுகாப்பில் உள்ளவை. 1958-ஆம் வருஷத்துச் சட்டத்துக்கு 2010-இல் செய்த திருத்தத்தின்படி, அத்தகைய சின்னத்தின் எல்லையிலிருந்து 100 மீட்டருக்குள் புதுக் கட்டடம் எழுப்பக் கூடாது. அதற்கு அப்பால் 200 மீட்டர் வரை அனுமதி பெற்றே எழுப்ப வேண்டும். கோபுரம் தெரிகிறதென்று மகிழ்ந்து மனை வாங்கியவர், அந்தக் கோபுரமே தம் மாடிக்குத் தடையாக நிற்பதைப் பிறகு அறிவதுண்டு. தவிர, பல மனைகள் கோயிலுக்கே சொந்தம். குடியிருப்பவர் தலைமுறை தலைமுறையாகத் தரை வாடகை செலுத்தி வருகிறவர். 1959-ஆம் வருஷத்து அறநிலையச் சட்டத்தின் 34-ஆம் பிரிவின்படி, உரிய அனுமதியின்றிக் கோயில் நிலத்தை விற்றால் அந்த விற்பனை செல்லாது. சுவர் நம்முடையது, மண் ஸ்வாமியுடையது என்ற நிலையில் வீட்டுக்கு என்ன விலை சொல்வது?

தறிக்கு வேண்டிய இடம்

இனித் தறியைப் பார்ப்போம். பிள்ளையார்பாளையம் முதலிய பகுதிகளில் நெசவாளர் வீடு மற்றவர் வீட்டைப் போன்றதன்று. முன்கூடம் நீண்டிருக்கும். தரையில் குழி வெட்டியிருக்கும். அந்தக் குழியில் காலை விட்டு உட்கார்ந்து மிதியை மிதித்து நெய்வதே குழித்தறி. புடவையின் உடலையும் கரையையும் வெவ்வேறு நிறத்தில் நெய்து ஒன்றாகக் கோர்க்கும் கோர்வை வேலைக்கு மூன்று நாடாக்கள் வேண்டும். நெசவாளரின் பக்கத்தில் இன்னொருவர் உட்கார்ந்து ஒரு புறத்து நாடாவை எறிந்து கொடுக்க வேண்டும். ஆகவே கூடத்தில் இருவருக்கு இடம் வேண்டும். நூல் சுற்றும் பெண்களுக்கு வேறு இடம் வேண்டும். இவை போதாவென்று தெருவும் வேண்டும்! விடியற்காலையில் பாவைத் தெரு நெடுக இழுத்துக் கட்டிக் கஞ்சி தோய்த்துக் காய வைப்பார்கள். தெரு அங்கே போக்குவரத்துக்கு மட்டும் ஏற்பட்டதன்று; அதுவே தொழிற்சாலையின் ஒரு பகுதி.

இப்பொழுது வாசகர்களே யோசித்துப் பாருங்கள். சதுர அடிக்கு இவ்வளவு என்று விலை பேசும் காலத்தில், இத்தனை சதுர அடியை ஒரு தறிக்கு ஒதுக்குவது எப்படிக் கட்டும்? தகப்பனார் காலமானதும் மூன்று பிள்ளைகள் பாகம் பிரிக்கிறார்கள். நீண்ட கூடம் மூன்று துண்டாகிறது. எந்தத் துண்டிலும் தறி நிற்காது. குழியை மூடி, சிமெண்டு பூசி, முன்பக்கத்தைக் கடைக்கு வாடகை விடுவதே லாபம் என்று தோன்றுகிறது. அடுக்குமாடி வீட்டுக்குப் போகலாமென்றால் இரண்டாம் மாடியில் குழி எங்கே வெட்டுவது? மேலே நிற்கும் சட்டத்தறி வைக்கலாமே எனின், அதற்கும் நீளம் வேண்டும். அதன் ஓசையைக் கீழ்வீட்டார் பொறுத்துக் கொள்ளவும் வேண்டும்.

பிள்ளைகளும் வேறு வழி பார்த்துவிட்டார்கள். 1998-இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கம்பெனி கார் செய்யத் தொடங்கியது முதல் ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் வட்டாரங்களில் தொழிற்சாலைகள் பெருகின. மாதச் சம்பளம் நிச்சயம். பட்டுக் கூலியோ வேலை முடிந்தால்தான் உண்டு. இளைஞர்களைக் குறை கூற நமக்கு மனம் வரவில்லை. ஆனால் காஞ்சிப் பட்டுக்குப் புவிசார் குறியீடு என்னும் சட்டப் பாதுகாப்புக் கிடைத்திருக்கிறது. பெயருக்குப் பாதுகாப்பு அளித்துவிட்டு, அந்தப் பெயரைச் சம்பாதித்தவனுடைய கூடத்துக்குப் பாதுகாப்பு அளிக்காமற்போனால், பெட்டியைப் பூட்டிவிட்டுக் கதவைத் திறந்து வைத்த கதையாகாதா?

தாமல் ஏரிக்கரையில்

நகரத்தில் இடம் கிடைக்காதவர்கள் ரஸ்தாவைப் பிடித்துக் கொண்டு வெளியே போகிறார்கள். சென்னையிலிருந்து பெங்களூருக்குச் செல்லும் பெருஞ்சாலையில், பாலுச்செட்டி சத்திரத்தைத் தாண்டியதும் தாமல் வருகிறது. இன்று பஸ்ஸில் போகிறவர்களுக்கு அது கண நேரத்தில் கடந்துபோகும் கிராமம். ஆனால் பழைய தொண்டை மண்டலத்தின் 24 கோட்டங்களுள் ஒன்று இவ்வூரின் பெயரையே தாங்கி நின்றது. வராகீஸ்வரர் கோயிலும் தாமோதரப் பெருமாள் கோயிலும் அதன் பழமைக்குச் சான்று. எல்லாவற்றுக்கும் மேலாக அவ்வூருக்கு உயிராக இருப்பது ஏரி. ஜில்லாவின் பெரிய ஏரிகளுள் அதுவும் ஒன்று. மழை பெய்து நிறைந்த காலத்தில் சாலையில் போகிறவர் கண்ணுக்குக் கடல்போல் தோன்றும். அந்த நீர் வயலுக்குப் பாய்கிறது, கிணறுகளில் ஊறுகிறது.

இங்கே நிலத்தை ஏக்கர் கணக்கிலும் சென்ட் கணக்கிலும் பேசி வந்தார்கள். இப்பொழுது சதுர அடிக் கணக்கு வந்திருக்கிறது. ஏக்கர் ஒன்றுக்கு 43,560 சதுர அடி. அதாவது பதினெட்டு கிரவுண்டு. நெல் விளையும்போது ஒன்றாயிருந்த நிலம், மனையாகும்போது பதினெட்டாக எண்ணப்படுகிறது. இந்தக் கணக்கைத் தரகர் வாயால் கேட்ட விவசாயிக்கு, ஒரு போக சாகுபடியின் லாபம் மிகச் சிறியதாகத் தோன்றுவதில் வியப்பில்லை. தவிர, 2022 ஆகஸ்டில் சென்னையின் இரண்டாவது விமான நிலையத்துக்குப் பரந்தூரைத் தேர்ந்தெடுத்தார்கள். 2025 ஏப்ரலில் மத்திய அரசு கொள்கையளவில் இசைவு அளித்தது. அங்கே ஏகனாபுரம் முதலிய கிராமத்தார் தங்கள் வயலும் ஏரியும் போகக் கூடாதென்று போராடினார்கள். ஒரு கிராமத்தில் கண்ணீருக்குக் காரணமான அதே செய்தி, பக்கத்து ஊர்களில் மனை விளம்பரத்துக்குத் தலைப்பாகிவிட்டது!

விளம்பரத்தில் "ஏரிக்கு அருகாமை" என்பதும் ஒரு சிறப்பாகச் சொல்லப்படுகிறது. ஏரிக்கு அருகாமை என்பது வேறு, ஏரிக்குள் என்பது வேறு. கோடையில் வாங்கிய மனை ஐப்பசியில் குளமாவதை 2015-ஆம் வருஷத்து வெள்ளத்தில் வடதமிழகம் கண்டது. காஞ்சியிலேயே வேகவதி ஆற்றங்கரையில் குடியிருந்தவர்களுக்காகக் கீழ்க்கதிர்ப்பூரில் அடுக்கு வீடுகள் கட்ட நேர்ந்தது. ஆறும் ஏரியும் தம் எல்லையை மறப்பதில்லை, மறப்பவர்கள் நாம்தான்.

வாங்குமுன் கேட்க வேண்டியவை

நம் வாசகர்களில் பலர் ஆயுள் முழுவதும் சேர்த்த பணத்தை ஒரு மனையில் போட எண்ணியிருப்பார்கள். அவர்களுக்குச் சில வார்த்தைகள். நகர் ஊரமைப்பு இயக்ககத்தின் அனுமதி எண்ணைக் கேளுங்கள். 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவானால் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். அந்த எண்ணையும் கேளுங்கள். அனுமதியற்ற மனைகளுக்கு வரன்முறை அளிக்க 2017-இல் செய்த விதிகள், 2016 அக்டோபர் 20-க்கு முன் விற்றவற்றுக்காக ஏற்பட்டவை; பின்னால் பிரித்த மனைக்கு அதைக் காட்டி ஒருவர் சமாதானம் சொன்னால் நம்ப வேண்டாம். வில்லங்கச் சான்றுடன் நின்றுவிடாமல், நிலம் கோயிலுக்குரியதா, நீர்நிலை என்று கிராமக் கணக்கில் உள்ளதா என்று பாருங்கள். கோயில் நிலமானால் பதிவுச் சட்டத்தின் 22-ஏ பிரிவு குறுக்கே நிற்கும்.

செலவையும் முன்கூட்டியே கணக்கிடுங்கள். 2023 முதல் கிரயத்துக்கு முத்திரைத் தீர்வை நூற்றுக்கு 7, பதிவுக் கட்டணம் நூற்றுக்கு 2. பத்து லட்ச ரூபாய் மனைக்கு 90,000 ரூபாய் ஆகிறது. 2025 ஏப்ரல் முதல், பத்து லட்சம் வரை மதிப்புள்ள சொத்தைப் பெண்கள் பெயரில் வாங்கினால் பதிவுக் கட்டணத்தில் நூற்றுக்கு 1 குறைவு. இல்லத்தரசியின் பெயரால் பத்திரம் எழுதினால் பத்தாயிரம் ரூபாய் மிச்சம். வீட்டுக்கு உண்மையான எஜமானி யார் என்பதைச் சர்க்காரும் ஒப்புக்கொண்டதாகும்!

செய்ய வேண்டியது என்ன?

நகரம் வளரக் கூடாதென்று நாம் சொல்லவில்லை. 2021-இல் காஞ்சிபுரம் மாநகராட்சியாகிவிட்டது. ஜனங்களுக்கு வீடு வேண்டும். ஆனால் வீட்டுக்கு விலை தரும் பொருள்களையே அழித்து வீடு கட்டினால், கடைசியில் எஞ்சுவது வெறும் செங்கல்லும் சுண்ணாம்புமே. ஏழாம் ஐந்தாண்டுத் திட்டக் காலத்தில் தறிக்கூடத்துடன் சேர்ந்த வீடு என்ற நல்ல யோசனையை அரசாங்கம் மேற்கொண்டது. அதை விரிவாக்கி, கூட்டுறவுச் சங்கங்களின் மூலம், நீண்ட கூடமும் பாவு நீட்டத் தெருவும் உள்ள தெருக்களை அமைக்க வேண்டும். தாமல் போன்ற ஊர்களில் ஏரியின் எல்லையையும் வரத்துக் கால்களையும் அளந்து கல் நட வேண்டும். 2007-ஆம் வருஷத்து ஏரிப் பாதுகாப்புச் சட்டம் கையில் இருக்கிறது. அதைச் செலுத்தும் கைதான் வேண்டும்.

கோபுரத்தைக் கட்டியவன் அரசன். ஆனால் அந்தக் கோபுரத்தைச் சுற்றி ஊரை உண்டாக்கியவர்கள் நெய்தவர்களும் உழுதவர்களுமே. அவர்கள் விலை கொடுத்து வாழ முடியாத ஊருக்கு எவ்வளவு விலை ஏறினாலும், அதை வளர்ச்சி என்று சொல்ல நமக்கு நா எழவில்லை.