ஒரு சாய்கோடு ஏன் போதவில்லை?

ஐஆர்சி என்ற இணைய அரட்டைக்கு எம்ஐஆர்சி மென்பொருளைப் பயன்படுத்துபவர்கள், அறையில் யார் எத்தனை வரி பேசினார்கள் என்று கணக்கெடுக்கச் சின்ன ஸ்கிரிப்ட் எழுதுவார்கள். அதில் ‘இன்க்’ போன்ற கட்டளை வேலையைச் செய்யும். எண்ணிக்கையில் ஒன்றைக் கூட்டும். டாலர் குறியோடு வரும் அடையாளச்சொல் ஒரு மதிப்பைத் தரும். டாலர் போட்டு ‘நிக்’ என்றால் பேசியவரின் பெயர், ‘டைம்’ என்றால் அப்போதைய நேரம். கட்டளை ஓடுவதற்கு முன்பே இவை மதிப்புகளாக மாறிவிடும்.

ஸ்கிரிப்டில் நேரத்தை ஒழுங்காகக் காட்டிய வரியை அரட்டைப் பெட்டியில் ஒற்றைச் சாய்கோட்டுடன் அடித்தால் நேரம் வராது. டாலர் குறியோடு அந்தச் சொல்லே வந்து நிற்கும். இரண்டு சாய்கோடு போட்டால்தான் மதிப்பு வரும். நியாயம்தான்: டாலரில் விலை எழுதுகிறவரின் வாக்கியத்தை மென்பொருள் தானாகக் குதறக் கூடாதல்லவா?

பெயரை வைத்து எண்ணுவதில்தான் உண்மையான தலைவலி. ஒருவர் பெயரை மாற்றினால் கணக்கு இரண்டாக உடையும். இன்னொரு வேடிக்கையும் உண்டு. ஐஆர்சி 1988-ல் பின்லாந்தின் ஔலு பல்கலைக்கழகத்தில் பிறந்தது. அன்றைய பின்னிஷ் எழுத்துக் குறியீட்டில் சதுர அடைப்புக்குறியின் இடத்தில் ஒரு பெரிய எழுத்தும், நெளி அடைப்புக்குறியின் இடத்தில் அதன் சிறிய எழுத்தும் இருந்தன. அதனால் பல சர்வர்களுக்கு இன்றும் பெயர்களில் வரும் அந்த இரண்டு குறிகளும் ஒன்றே. ஸ்கிரிப்ட் அவற்றை வேறாகப் பார்த்தால், ஒரே ஆள் பட்டியலில் இரண்டு முறை வருவார்.