பெயர்கள் குடியிருக்கும் டேபிள்

லுவா என்றால் போர்ச்சுகீசிய மொழியில் நிலா. 1993இல் ரியோ டி ஜெனிரோவின் கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்தில் பிறந்த ஸ்கிரிப்ட் மொழி அது. அதற்கு முன் அங்கே உருவான இன்னொரு சிறு மொழிக்கு 'சோல்', அதாவது சூரியன், என்று பெயர். சூரியனுக்குப் பின் நிலா.

பல கணினி விளையாட்டுகளுக்குள் இன்று ஓடுவது இந்த மொழிதான். ஆனால் புதிதாகக் கற்பவரை அது ஓரிடத்தில் தடுக்கி விழ வைக்கும். 'லோக்கல்' என்று முன்னால் எழுதாமல் ஒரு மாறிக்கு மதிப்புக் கொடுத்தால், அது நிரல் முழுவதற்கும் பொதுவான மாறியாகிவிடும். ஒரு ஃபங்ஷனுக்குள் தற்காலிகக் கணக்குக்காக வைத்த பெயர், அந்த வேலை முடிந்தபின்னும் எல்லோர் கையிலும் கிடக்கும்.

இதைவிட மோசமானது எழுத்துப்பிழை. 'முடிந்தது' என்ற மாறியை ஓரிடத்தில் 'முடிந்து' என்று தட்டிவிட்டோம் என்று வையுங்கள். லுவா கோபிக்காது. அப்படி ஒரு மாறியே இல்லை என்பதால் 'நில்' என்ற வெறுமையைத் தரும். நிபந்தனைச் சோதனையில் நில் என்பது பொய்க்குச் சமம். அதனால் நிரல் நிற்காமல் தவறான வழியில் ஓடிக்கொண்டே இருக்கும். மணிக்கணக்கில் தேடவைக்கும் பிழை இது.

இதற்கு மருந்தும் லுவாவுக்குள்ளேயே இருக்கிறது. அந்த வடிவமைப்புதான் என்னை இந்த மொழியோடு கட்டிப்போட்டது. பெயரோடு மதிப்பைச் சேர்த்துவைக்கும் அமைப்பை லுவாவில் டேபிள் என்பார்கள். பொது மாறிகள் எல்லாம் 'அண்டர்ஸ்கோர் ஜி' என்ற சாதாரண டேபிளில்தான் இருக்கின்றன. நாம் உருவாக்கும் டேபிளுக்கும் அதற்கும் குணத்தில் வேறுபாடு இல்லை. ஒரு லூப் போட்டு அதிலுள்ள பெயர்களை எல்லாம் அச்சிட்டுப் பார்க்கலாம். ஒரு டேபிளின் நடத்தையை மாற்றும் இன்னொரு டேபிளான மெட்டாடேபிளை அதற்குக் காவலாகவும் வைக்கலாம். அறிவிக்காத பெயரை யாராவது படித்தாலோ எழுதினாலோ அந்த இடத்திலேயே பிழை காட்டி நிறுத்தும்படி சொல்ல ஏழெட்டு வரிகள் போதும். புதிய நிரல் எதைத் தொடங்கினாலும் அந்த வரிகளை முதலில் எழுதிவிடுங்கள் என்பேன்.

அடுத்தது ஒழுங்கு. எல்லாவற்றையும் லோக்கலாக்கிவிட்டால் தீர்ந்தது என்று நினைக்கலாம். ஆனால் ஒரு ஃபங்ஷனுக்குள் ஒரே நேரத்தில் 200 லோக்கல் மாறிகளுக்கு மேல் லுவா அனுமதிக்காது. ஆகவே தொடர்புள்ளவற்றைச் சேர்த்து ஒரு டேபிளில் போடவேண்டும். திரை அளவுகளுக்கு ஒன்று, ஆட்டக்காரரின் நிலைக்கு ஒன்று. ஒவ்வொரு கோப்பும் தன் டேபிளைக் கடைசி வரியில் திருப்பித் தரும். வேண்டியவர் 'ரிக்வயர்' செய்து தன் லோக்கல் மாறியில் வாங்கிக்கொள்வார்.

'வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்' விளையாட்டில் இதன் அவசியம் கண்கூடு. முன்பின் அறியாத பலர் லுவாவில் எழுதிய ஆட்-ஆன்கள், அதாவது கூடுதல் நிரல்கள், அங்கே ஒரே பொது டேபிளைப் பகிர்கின்றன. ஒருவர் லோக்கலை மறந்தால் இன்னொருவரின் ஆட்-ஆன் கெடும். அதனால் ஒவ்வொரு ஆட்-ஆனின் கோப்புகளுக்கும், அதன் பெயரோடு ஒரு தனி டேபிளையும் விளையாட்டே கொடுக்கிறது.

2011இல் வந்த 5.2 பதிப்பு முதல், பொதுப் பெயர் ஒவ்வொன்றும் 'அண்டர்ஸ்கோர் என்வ்' என்ற டேபிளின் (இயல்பில் அதே அண்டர்ஸ்கோர் ஜி டேபிள்தான்) உறுப்பாகவே மொழிபெயர்க்கப்படுகிறது. லுவாவின் கம்பைலரிடம் பைட்கோடைப் பட்டியலிடச் சொல்லி, இந்தப் பெயரில் எழுதும் வரிகளைத் தேடினால், நழுவிய மாறிகள் ஒவ்வொன்றும் வரி எண்ணோடு வந்து நிற்கும்.